லூப் லைனும் கும்மிப் பாட்டும்

“லூப்” என்ற சொல்லைக் கேட்டால் ரயில்வே ஊழியராகிய நமக்கு நினைவில் வருவது ஒன்றுதான். ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து, சிறிது தூரம் ஓரமாகச் சென்று, மறுகோடியில் மீண்டும் மெயின் லைனுடன் சேரும் பாதைக்கு லூப் லைன் என்று பெயர். மெயில் வண்டிக்கு வழிவிட்டுக் கூட்ஸ் வண்டி மணிக்கணக்காகக் காத்து நிற்பது அங்கேதான். ஆகவே, எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் ஒரு மாலை, “அப்பா, அப்பாயி பாட்டை லூப்பில் போட்டுவிடலாம்” என்று கூறியபோது, பாட்டை ஓரமாக நிறுத்தி வைக்கச் சொல்கிறாளோ என்றே எண்ணினோம்.

அவள் சொன்ன லூப் வேறு. ஒரு பாட்டில் ஒரு துண்டை எடுத்து, அதன் முடிவை அதன் தொடக்கத்தோடு சேர்த்து, வேண்டுமட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வதை இக்காலத்தில் அப்பெயரால் வழங்குகிறார்கள். அந்த லூப்பில் நாம் புகுந்து வெளியே வந்த கதையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசையைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று எவரேனும் கேட்டால், ஒன்றுமில்லை என்பதே விடை. தந்தையார் இலால்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ரயில்வே வேலையாக நாகபுரிக்கு வந்தவர். நமக்குப் பத்தொன்பது வயதாயிருக்கையில், பணியிலிருந்தபடியே காலமானார். மெட்ரிகுலேஷன் தேறிய சான்றிதழ் ஒன்றே கையிலிருக்க, கருணை அடிப்படையில் கிடைத்த குமாஸ்தா வேலையில் அமர்ந்தோம். இப்போது வயது முப்பத்தெட்டு. பார்சல்களை எண்ணி, எடை பார்த்து, எதை எந்த வண்டியில் முதலில் ஏற்றுவது, எதைப் பின்னால் ஏற்றுவது என்று வரிசைப்படுத்துவதே நம் தொழில். அந்த வரிசை அறிவுதான் இந்த வேலையில் ஓரளவு துணை செய்தது. ஓரளவுக்குத்தான்; அது எங்கே கைவிட்டது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் சிறுமியர் கும்மி ஆண்டுதோறும் நடைபெறுவது. முன்பெல்லாம் நடுவயதுப் பெண்மணிகள் நால்வர் மேடையோரம் அமர்ந்து பாடுவார்கள். பெரியவர் ஒருவர் மிருதங்கம் வாசிப்பார். அவர் ஓய்வு பெற்று மகனுடன் சென்னைக்குப் போய்விட்டார். பாடியவர்களில் இருவர் ஊர் திரும்பினர்; ஒருவர் காலமாகிவிட்டார். நான்காமவர் நம் தாயார். மூன்றாண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கியதில் அவருடைய வலக்கையும் பேச்சும் போயின. சொல்வது எல்லாம் விளங்குகிறது. விடைதான் இடக்கையாலும் கண்ணாலும் வருகிறது.

செயற்குழுக் கூட்டத்தில், “கடையில் விற்கும் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு ஆடவிட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்டார். அப்போது நாம் வாய் தவறி, “அம்மா பாடிய கும்மி ஒன்று கைப்பேசியில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டோம். சொன்னவர் தலையிலேயே பொறுப்பு விழுவது எல்லாச் சங்கங்களுக்கும் பொது விதி அன்றோ?

2014-இல் உறவினர் வீட்டுக் கலியாணத்தில் தம்பி தன் பழைய கைப்பேசியில் பதிவு செய்தது அது. வயலூர் முருகன் மீது தாயாரும் இரண்டு பெண்களும் பாடிய கும்மி. நீளம் 1 நிமிடம் 48 நொடி. நடுவில் ஓரிடத்தில் சமையற்கட்டில் கரண்டி ஒன்று தடாலென்று விழுகிறது. ஒரு குழந்தை சிரிக்கிறது. தாயார் குரல் நம் வீட்டில் எஞ்சியிருப்பது அவ்வளவே. சிறுமியர் ஆடுவதற்கு வேண்டியதோ ஆறு நிமிடம்.

இங்கேதான் மகளின் லூப் வந்தது. அவள் பள்ளியில் கணினி வகுப்பில் குரோம் மியூசிக் லேப் என்னும் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது அது. 2018-இல் அதில் சேர்த்த சாங் மேக்கர் என்ற பகுதியில், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வண்ணக் கட்டங்களைத் தொட்டால் அவை ஸ்வரங்களாகும். வரிசை முடிந்ததும் தானே முதலுக்குத் திரும்பி ஒலிக்கும். குரலைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, பல வாத்தியங்களோடு அடுக்குவதற்குப் பெரிய சாதனங்களும் உண்டு. சிங்கப்பூரில் தோன்றிய பேண்ட்லேப், ஸ்டாக்ஹோமில் தோன்றிய சவுண்ட்ராப் போன்றவை அவ்வகையின. இவற்றைக் கணினியில் நிறுவ வேண்டுவதில்லை. இணையத்தில் பக்கத்தைத் திறந்து அங்கேயே வேலை செய்யலாம். செய்தது அங்கேயே சேமிப்பாகும்.

அவ்வகைச் சாதனம் ஒன்றை மகள் திறந்து காட்டியபோது நமக்குப் புதுமையாகவே தோன்றவில்லை. யார்டு வரைபடம் போன்றே இருந்தது. மேலிருந்து கீழாகப் பல தடங்கள்: ஒன்றில் குரல், ஒன்றில் கைத்தட்டு, ஒன்றில் மேளம். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது. 1, 2, 3 என்று எண்ணிட்ட கட்டங்கள் கிலோமீட்டர்க் கற்கள் போல் நிற்கின்றன. பதிவான ஒலி அலைக்கோடாகத் தெரிகிறது. அதை வெட்டலாம், நகர்த்தலாம், பிரதி எடுக்கலாம். ஒரு துண்டின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தால், இழுத்த தூரத்துக்கு அது மீண்டும் மீண்டும் வருகிறது. அதுவே லூப். இப்படிச் செய்த துண்டுகளை, எஞ்சினுக்குப் பின் பெட்டிகளைக் கோப்பதுபோல், முன்னுரை, பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று கோத்தால் பாட்டின் அமைப்பு உருவாகிவிடுகிறது.

ஒலியை இவ்வாறு சுற்றவிடும் யோசனை கணினிக்கு முந்தியது. கீறல் விழுந்த இசைத்தட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் தொல்லை நம் பெரியோர் அறிந்ததே. 1948-இல் பாரிஸ் வானொலியில் பணிபுரிந்த பியேர் ஷேஃபர் என்பவர் அத்தொல்லையையே வித்தையாக்கினார். முடிவு தொடக்கத்தோடு சேரும் வட்டக் கோட்டை இசைத்தட்டில் பொறித்து, ஒரே ஒலியைச் சுற்றவிட்டு இசை அமைத்தார். பின்னர் ஒலிநாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக ஓடவிட்டனர். நம் மராட்டிய மாநிலத்தின் பம்பாயிலேயே, 1982-இல் சரண்ஜீத் சிங் என்னும் திரையிசைக் கலைஞர், மின் தாளப் பெட்டியின் ஓயாத சுற்றின்மேல் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று நிலையமும் கூடமும் தேவைப்பட்ட வேலையை இன்று எட்டாம் வகுப்புப் பெண் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செய்கிறாள். வேறுபாடு அவ்வளவே.

வேலையைத் தொடங்கினோம். கணக்கு நம்முடையது. பதிவில் குரல் தெளிவாயிருந்த 36 நொடிப் பகுதியை வெட்டிப் பத்து முறை சுற்றவிட்டால் 360 நொடி. சரியாக ஆறு நிமிடம். ஒரு பைசா மிச்சமில்லாமல் கணக்கு நேரானதில் நமக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் கணக்கு சரியாயிருக்கப் பாட்டு சரியாயில்லை.

முதற் குறை தாளத்தில் வந்தது. இச்சாதனங்கள் திறந்தவுடன் நான்கு நான்காக எண்ணும்படி அமைந்திருக்கின்றன. அவற்றில் இலவசமாய்க் கிடைக்கும் மேளத் துண்டுகளிலும் பெரும்பாலானவை அந்த நடையிலேயே உள்ளன. கும்மியோ “தகிட தகிட” என்று மூன்று மூன்றாக நடப்பது. நான்காக நடக்கும் மேளத்தை மூன்றாக நடக்கும் குரலோடு சேர்த்ததும், ஒருவர் காலை மற்றவர் மிதித்துக்கொண்டு இருவர் நடப்பது போலாயிற்று. தவிர, தாயாரின் பாட்டில் முதலெழுத்து கைத்தட்டுக்குச் சற்று முன்னரே எழும். சங்கீதம் அறிந்தோர் எடுப்பு என்று சொல்வது இதைத்தான். வெட்டும் இடத்தைக் கட்டத்தின் கோட்டில் காந்தம்போல் இழுத்து நிறுத்தும் வசதி ஒன்று சாதனத்தில் உண்டு. அதன்படி கோட்டில் வெட்டியதும் அந்த முதலெழுத்து அறுபட்டு, ஒவ்வொரு சுற்றிலும் முருகன் தலையில்லாமல் வந்தான்! எண்ணிக்கையை எட்டுக்கு ஆறு என்னும் அமைப்புக்கு மாற்றி, காந்தத்தை நிறுத்தி, காதால் கேட்டு வெட்டக் கற்றுக்கொண்ட பின்பே அது சீரடைந்தது.

மேளத்துக்கு வேறு வழி தேடினோம். நம் அலுவலகத்து மராட்டிய நண்பர் ஒருவர் லாவணிக்கு டோல்கி வாசிப்பவர். கும்மியைக் கேட்டுத் தலையாட்டி, மதிய உணவு வேளையில் பதினாறு கைத்தட்டு அளவுக்கு அந்த நடையிலேயே வாசித்துத் தந்தார். அதைச் சுற்றவிட்டபோது இரண்டாவது பாடம் கிடைத்தது. நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.6 நொடி, பதினாறு தட்டுக்கு 9.6 நொடி. நாம் கைநழுவி 9.5 நொடியில் வெட்டியிருந்தோம். ஒரு சுற்றில் காதுக்கே தெரியாத பிழை அது. பத்தாவது சுற்றில் ஒரு முழு நொடியாகி, மேளம் கைத்தட்டுக்கு ஒன்றரைத் தட்டுக்கு மேல் முன்னால் ஓடிற்று. முதல் ஸ்டேஷனில் ஒரு நிமிடம் தாமதமான வண்டியைப் பத்தாவது ஸ்டேஷனில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மேலும், ஒலி உரத்திருக்கும் இடத்தில் வெட்டினால் ஒட்டும் இடத்தில் “டிக்” என்று ஓர் ஓசை கேட்கிறது. அலைக்கோடு நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டி, ஓரங்களில் ஒலியைச் சற்றே மெலிதாக்க வேண்டும்.

இவை யாவும் திருத்தக்கூடிய குறைகளே. திருத்தினோம். இரண்டு வாரத்தில் ஆறு நிமிடப் பாட்டு ஆயத்தமாயிற்று. அடுத்த குவார்ட்டர்ஸில் வசிக்கும் மூதாட்டியாரை அழைத்துக் கேட்கச் செய்தோம். பொறுமையாக முழுவதும் கேட்டார். “நன்றாயிருக்கிறது தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கலியாண வீட்டில் மொத்தம் பத்துக் கரண்டியா விழுந்தது?” என்றார்.

நாம் தெளிவென்று தேர்ந்த பகுதியின் கடைசியில்தான் அந்தக் கரண்டி விழுகிறது. பல நாள் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது படவில்லை. ஒவ்வொரு 36 நொடிக்கும் கரண்டி விழ, ஒவ்வொரு முறையும் அதே குழந்தை அதேபோல் சிரித்தது. சிரித்துவிட்டு, ஒலியைத் துடைத்துக் கரண்டியை அகற்றினோம். வேலை முடிந்தது என்றே கருதினோம்.

அன்றிரவு தாயாரிடம் போட்டுக் காட்டினோம்.

தம் குரல் எழுந்ததும் அவர் முகம் மலர்ந்ததை எழுத நமக்கு மொழி போதாது. கட்டிலின் விளிம்பில் இடக்கை தானாகத் தாளம் போடத் தொடங்கிற்று. மூன்றாண்டுகளில் அவர் தாளம் போட்டு நாம் பார்த்ததில்லை. இல்லாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதற் சுற்று முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தில் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. பின்பு தடுமாறிச் சேர்ந்துகொண்டது. மூன்றாவது சுற்றின் தொடக்கத்திலும் நின்றது. நான்காவதில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். களைப்பு போலும் என்று சொல்லிக்கொண்டு நாம் பாட்டை நிறுத்தினோம். களைப்பல்ல என்பது நமக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் மகள், “அப்பா, அப்பாயி கை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தீர்களா? ஒவ்வொரு தடவையும் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் நின்றது” என்றாள். இருவரும் அமர்ந்து கைத்தட்டுகளை எண்ணினோம். நாம் வெட்டிய பகுதியின் தொடக்கத்தில் தாயார் நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் பாடுகிறார், முடிவில் 96. முழுப் பதிவையும் எடுத்துக்கொண்டால் தொடக்கம் 88, முடிவு 100. கும்மி அப்படித்தான். நிதானமாகத் தொடங்கி, வட்டம் சுற்றச் சுற்றச் சூடேறி, வரவர விரைவது அதன் இயல்பு. நாமோ 96-க்கு ஏறிய பாட்டை ஒவ்வொரு முறையும் 90-க்கு இழுத்துக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தோம். மேடேறி வந்தவளைப் பத்து முறை கீழே தள்ளியதற்கு ஒப்பாகும் அது. கேட்கும் நமக்குத் தெரியவில்லை. பாடியவருடைய கைக்குத் தெரிந்தது.

வேகத்தைச் சமமாக்கச் சாதனத்தில் வழியில்லையா என்றால், உண்டு. சுருதி மாறாமலே குரலை இழுத்தும் சுருக்கியும் ஒரே வேகத்தில் நிறுத்தலாம். மகள் அதையும் செய்து பார்த்தாள். தாளம் ஒழுங்காயிற்று. ஆனால் குரல் இஸ்திரி போட்ட துணிபோல் தட்டையாகிவிட்டது. இம்முறை தாயாரிடம் போட்டுக் காட்டவில்லை; நமக்கே மனம் வரவில்லை.

நிற்க. நம் இசையில் திரும்பச் சொல்வது இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். நிறைய உண்டு. அனுபல்லவி முடிந்தாலும் சரணம் முடிந்தாலும் பல்லவிக்குத் திரும்பாமல் கீர்த்தனை இல்லை. பல்லவியின் ஒரே அடியைப் பாடகர் நான்கு முறை, ஆறு முறை பாடுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வளைவு கூடுகிறது. சங்கதி என்று அதற்குப் பெயர். முதல் முறை பாடியது இரண்டாவதற்கு வழிவிடுகிறது. இரண்டாவது முதலாவதை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறது. திரும்பி வருவது அது. நாம் செய்ததோ பிரதி எடுத்தது. நம் தொழிலில் பிரதிக்கு மதிப்பு உண்டு. பார்சல் ரசீதின் பிரதி அசலிலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் குற்றம். அந்தப் பழக்கமே இங்கு நம்மைக் கைவிட்டது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை ஒரு விதி வைத்துக்கொண்டோம். தாயாரின் குரல் ஒரே முறைதான் வரும். 1 நிமிடம் 48 நொடியும் முழுமையாக, கரண்டியோடும் சிரிப்போடும் வரும். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. அந்தப் பகுதிக்குக் கட்டங்களின் கணக்கும் கிடையாது. மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியை நிறுத்திவிட்டோம். குரலை இயந்திரத்தின் வேகத்துக்கு இழுப்பதற்கு மாறாக, சங்கத்துச் சிறுமியர் எண்மரை வீட்டுக்கு வரவழைத்து, காதில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அதன் போக்கில் கைதட்டச் செய்து பதிவு செய்தோம். முதலில் தட்டுகள் சிதறின. அவர்களில் பலருக்கு வீட்டில் தமிழ் பேச வரும். எழுதப் படிக்க வராது. கும்மியோ மேடையில் ஆண்டுக்கொரு முறை கண்டது. ஆனால் ஐந்தாறு முறை கேட்டதும் குரல் எங்கே விரைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கைகள் கண்டுகொண்டன. நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தாயாரின் பாட்டு 100 தட்டு வேகத்தில் முடியும் இடத்தில்தான் லூப்புக்கு வேலை கொடுத்தோம். அங்கிருந்து நண்பரின் டோல்கி, 9.6 நொடிச் சுற்றாகத் தொடங்குகிறது. அதன்மேல் சிறுமியரே அந்தப் பல்லவியைப் பாடுகிறார்கள். முதல் முறை மேளம் மட்டும். இரண்டாம் முறை கைத்தட்டு சேரும். மூன்றாம் முறை ஜால்ரா சேரும். நான்காம் முறை மேளமும் ஜால்ராவும் திடீரென நின்று, கைத்தட்டும் குரலும் மட்டும் கேட்கும். பின்பு எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து முடியும். மேளம் நின்ற இடமே பாட்டில் மிகவும் எடுப்பாயிருந்தது என்று பின்னர்ப் பலர் கூறினர். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எங்கே நிறுத்துவது என்பதே அமைப்பின் பாதி என்று அப்போது தெரிந்தது. குரலைச் சுற்றவிடவில்லை, ஒவ்வொரு முறையும் பாடவைத்தே பதிவு செய்தோம். மேளத்தைச் சுற்றவிட்டதில் குற்றம் தோன்றவில்லை. நிலம்போல் அது கீழே ஒரே மாதிரி இருந்தால்தான் மேலே ஆடுபவர் கால் வைக்க முடியும்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். இத்தகைய சாதனங்களில் சில, செய்ததை உலகோர் கேட்க உடனே வெளியிடவும் இடம் தருகின்றன. தோழிகள் கேட்கட்டும் என்று மகள் விரும்பினாள். குரலுக்கு உரியவர் அடுத்த அறையில் இருக்கையில் அவரைக் கேளாமல் செய்வது முறையன்று என்றோம். கேட்டோம். சங்க மேடையா என்றதற்குத் தலையசைத்தார். உலகத்துக்கா என்றதற்கு இடக்கையை இல்லையென்று அசைத்தார். ஆகவே, அந்தக் கோப்பைப் பிறர் காணாதபடி பூட்டியே வைத்திருக்கிறோம். சாதனத்தில் மட்டும் வைத்திருப்பது போதாது என்று, தம்பியின் அசல் பதிவைத் தனியே இரண்டு இடங்களில் பிரதி எடுத்தும் வைத்தோம். பிரதி பயன்படும் இடம் அதுதான்.

விழா நாளன்று தாயாரைச் சக்கர நாற்காலியில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தோம். விளக்கு மங்கி, கைத்தட்டு எழுந்து, அவர் குரல் கூடத்தை நிரப்பியது. அவரை அறிந்த பழைய குடும்பத்தார் திரும்பிப் பார்த்தனர். அறியாத புதியவர்கள் மேடையையே பார்த்தனர். கரண்டி விழுந்தது. கூடம் சிரித்தது; குழந்தையும் சிரித்தது. நாம் மேடையைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடிமேலிருந்த அந்த இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 1 நிமிடம் 48 நொடி முடியும் இடம் நெருங்க நெருங்க நம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் குரல் ஓய்ந்தது, டோல்கி எழுந்தது, சிறுமியர் பல்லவியை எடுத்தனர். கை நிற்கவில்லை. கடைசிவரை நிற்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், நமக்குப் பத்து வயதிருக்கும்போது, தந்தையார் தம் பாஸில் எங்களை டார்ஜிலிங் அழைத்துச் சென்றார். கும் ஸ்டேஷனுக்கும் டார்ஜிலிங்குக்கும் இடையே 1919-இல் அமைத்த பதாசியா லூப் என்னும் இடம் இருக்கிறது. மலைச் சரிவு கடுமையாயிருப்பதால், சின்ன ரயில் அங்கே ஒரு பெரிய வட்டம் சுற்றித் தன் பாதையைத் தானே கடந்து போகும். திரும்பி வருகையில், வண்டி மேடேறி அந்த வட்டத்தைச் சுற்றியபோது, “அம்மா, வந்த இடத்துக்கே வந்துவிட்டோமே!” என்று கூவினோம். தாயார் சன்னல் வழியே கீழே காட்டி, “நன்றாகப் பார். அதே இடந்தான்; ஆனால் நாம் இப்போது மேலே இருக்கிறோம்” என்றார். ரயில்வேயில் லூப் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பதை அன்றே அறிந்திருந்தும், ஓரமாய் நிற்கும் பாதையை மட்டும் நினைவில் வைத்து, மேலேறும் வட்டத்தை எப்படியோ மறந்துபோனோம்.

அன்பர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் பழைய கைப்பேசியிலோ ஒலிநாடாவிலோ, தாயார் அல்லது பாட்டியார் பாடிய தாலாட்டோ, நலங்கோ, கும்மியோ ஒரு நிமிடமேனும் இருக்கும். கரண்டி விழுந்த ஓசையோடு அதை அப்படியே முதலில் பத்திரப்படுத்துங்கள். பின்பு வெட்டுவதும் ஒட்டுவதும் பிள்ளைகள் பாடு. அதை அவர்கள் நம்மைவிட நன்றாய்ச் செய்வார்கள். பாடியவர் இன்னும் இருந்தால், செய்து முடித்ததை அவரிடம் ஒருமுறை போட்டுக் காட்டி, அவருடைய கையைக் கவனித்துப் பாருங்கள்.

நம் மகள் அடுத்த ஆண்டுக் கும்மிக்கு இப்போதே அடி போட்டுவிட்டாள். அப்பாயியின் பதிவை இம்முறை சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டோம். “பாட்டு எங்களுக்கே வந்துவிட்டது அப்பா. அப்பாயி தாளம் போடட்டும், நாங்கள் பாடுகிறோம்” என்றாள்.